சேதாரம் எத்தனை சதவீதம்? – தள்ளுபடி கேட்பது பற்றிச் சில குறிப்புகள்

கடையில விலை குறைச்சுக் கேட்கறது எனக்கு வராது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். அம்மா துணிக்கடையில பேரம் பேச ஆரம்பிச்சா நான் வாசலுக்குப் போய் செருப்புக்குக் காவல் நிப்பேன். வேலைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆகியும், பில்லுல என்ன போட்டிருக்கோ அதைக் கொடுத்துட்டு வர்ற ஆளாத்தான் இருந்தேன். பேரம்ங்கறது ஒரு வாய்ச் சாமர்த்தியம், அது சிலருக்கு இருக்கு, எனக்கு இல்லை. இவ்வளவுதான் அதைப் பத்தி நான் யோசிச்சு வச்சிருந்தது.

அந்த எண்ணம் மாறினது அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போனப்போ. தி.நகர்ல மூணு கடை ஏறி இறங்கினோம். மூணு கடையிலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சங்கிலி, மெஷின்ல பண்ணது, ரெண்டு பவுன். முதல் கடையில சேதாரம் 14 சதவீதம்னாங்க. ரெண்டாவது கடையில 11. மூணாவது கடையில 9. தங்கம் விலை மூணு கடைப் பலகையிலயும் ஒண்ணுதான். அப்போ இந்த 14, 11, 9 எங்கேர்ந்து வருது? வீட்டுக்கு வந்து எக்ஸெல் திறந்து உட்கார்ந்தேன். அங்கே ஆரம்பிச்சது, கடைசியில எங்க அப்பாவோட பழைய பில் ஒண்ணுல போய் முடிஞ்சது.

நகை பில்லுல எது அசையும், எது அசையாது

கணக்கு சுலபமா இருக்கட்டும்னு 22 காரட் தங்கம் கிராம் 10,000 ரூபாய்னு வச்சுக்குவோம். ஒரு பவுன் 8 கிராம். ரெண்டு பவுன் சங்கிலின்னா 16 கிராம், தங்கத்தோட மதிப்பு 1,60,000. இதுக்கு மேல சேதாரம். பல கடைகள்ல செய்கூலியையும் இதுக்குள்ளயே அடக்கி ஒரே சதவீதமா சொல்லிடறாங்க. ரெண்டையும் கூட்டின தொகைக்கு 3 சதவீதம் ஜி.எஸ்.டி. ஹால்மார்க் கட்டணம் உருப்படிக்குச் சில பத்து ரூபாய்தான், அதை விட்டுடலாம்.

14 சதவீதக் கடை: 1,60,000 + 22,400, அதுக்கு வரி 5,472. மொத்தம் 1,87,872.
11 சதவீதக் கடை: 1,60,000 + 17,600, வரி 5,328. மொத்தம் 1,82,928.
9 சதவீதக் கடை: 1,60,000 + 14,400, வரி 5,232. மொத்தம் 1,79,632.

முதல் கடைக்கும் மூணாவது கடைக்கும் வித்தியாசம் 8,240 ரூபாய். இத்தனைக்கும் நடுவுல தெரு ஒண்ணுதான்.

இதுல தங்கம் விலை அசையாது, வரி சதவீதம் அசையாது. அசையறது சேதாரம் மட்டும்தான். அது ஏன்னு தெரிஞ்சுக்க அந்த வார்த்தையோட கதையைப் பார்க்கணும். ஆசாரி கையால நகை செஞ்ச காலத்துல அரம் போடும்போதும், பத்த வைக்கும்போதும், மெருகு ஏத்தும்போதும் கொஞ்சம் தங்கம் தூளாப் போகும். அந்த நஷ்டத்தை வாங்கறவங்க ஏத்துக்கணும்ங்கறது நியாயம். அந்தத் தூளும் முழுசா வீணாப் போறதில்லை. பட்டறை மண்ணை அரிச்சுத் தங்கம் எடுக்கறதையே பிழைப்பா வச்சிருக்கறவங்க உண்டு. இன்னைக்கு மெஷின் சங்கிலியில நிஜமான சேதாரம் ரொம்பக் கம்மி. பேர் மட்டும் அப்படியே நின்னுடுச்சு. உள்ள இருக்கறது பட்டறைக் கூலி, கடை வாடகை, ஏசி, விளம்பரம், ஊழியர் சம்பளம், முதலாளியோட லாபம். கைவேலை அதிகமான கோவில் நகை, கெம்பு வச்ச நகைக்கு சதவீதம் கூடறதுல அர்த்தம் இருக்கு. சாதாரணச் சங்கிலிக்கு அந்தக் காரணம் கிடையாது. அதனாலதான் அங்க குறைக்க இடம் இருக்கு.

இன்னொண்ணையும் ஞாபகம் வச்சுக்கணும். நாளைக்கே அந்தச் சங்கிலியை வித்தா தங்கத்துக்குத்தான் காசு. சேதாரமும் ஜி.எஸ்.டி.யும் கடைப் படியை விட்டு இறங்கும்போதே போயாச்சு. அதனால அந்த சதவீதத்தைக் குறைக்கறதுதான் நிஜமான மிச்சம்.

விலைச்சீட்டு வந்த கதை

எல்லாக் கடையிலயும் விலை அசையறதில்லையே, ஏன்? சூப்பர் மார்க்கெட்ல பில் போடற பொண்ணுகிட்ட சோப்புக்கு ரெண்டு ரூபாய் குறைங்கன்னு கேட்டா சிரிப்பாங்க. தெருமுனை மளிகைக் கடையில அண்ணாச்சிகிட்ட மாச சாமான் மொத்தமா வாங்கும்போது கேட்டா குறைப்பார்.

பேரம் நம்ம ஊர்ப் பழக்கம், வெள்ளைக்காரங்க ஊர்ல கிடையாதுன்னு நினைச்சுட்டு இருந்தேன். அது தப்பு. 19-ம் நூற்றாண்டு வரைக்கும் அங்கயும் பேரம்தான் வழக்கம். அதுக்கு முன்னாடியே குவேக்கர்னு ஒரு கிறித்தவப் பிரிவினர், வாங்கிக்கத் தயாரா இருக்கற விலையைவிட அதிகமாச் சொல்றது பொய்னு கருதி ஒரே விலைக்கு வித்தாங்க. அப்புறம் பெரிய கடைகள் வந்துச்சு. பாரிஸ்ல 1852-லேர்ந்து அரிஸ்டீட் பூசிகோ வளர்த்த போன் மார்ஷே, அமெரிக்காவுல பிலடெல்பியாவுல ஜான் வானமேக்கர் நடத்தின கடை, இதெல்லாம்தான் விலைச்சீட்டை ஊருக்குப் பழக்கின முக்கியமான கடைகள்.

இதுல நேர்மை ஒரு பங்கு, நிர்வாகம் இன்னொரு பங்கு. முதலாளி கல்லாவுல உட்கார்ந்திருக்கற கடையில எதுக்கு எவ்வளவு குறைக்கலாம்னு அவருக்குத் தெரியும். நூறு பேர் வேலை பார்க்கற கடையில அந்த முடிவை ஒவ்வொரு ஊழியர்கிட்டயும் விட முடியாது. அதனால விலையை ஒட்டிட்டு, முடிவெடுக்கற அதிகாரத்தை எடுத்துடறாங்க.

இதுலேர்ந்து எனக்கு ஒரு உபயோகமான கேள்வி கிடைச்சது. "குறைப்பீங்களா?"ன்னு கேட்கறதுக்கு முன்னாடி, "இந்தக் கடையில குறைக்கற அதிகாரம் யார்கிட்ட இருக்கு?"ன்னு யோசிக்கணும். நகைக்கடையில கவுன்ட்டர் பையனுக்கு ஒரு சதவீதம், மாடி மேனேஜருக்கு அதுக்கு மேல கொஞ்சம், அதுக்கும் மேல முதலாளி. "மேனேஜர்ட்ட கேட்டுட்டு வர்றேன் சார்"னு அவர் போறது எல்லா நேரமும் நாடகம் இல்லை. நிஜமாவே அவர் கையில அதுக்கு மேல கிடையாது. அவர்கிட்ட முறைச்சுக்கிட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை.

முதல்ல சொன்ன எண்

1974-ல டிவெர்ஸ்கி, கானமன்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனையைப் பத்தி எழுதினாங்க. ஆட்கள் முன்னாடி ஒரு சக்கரத்தைச் சுத்துவாங்க. அது சிலருக்கு 10-ல நிக்கும், சிலருக்கு 65-ல நிக்கும். அப்புறம், ஐ.நா. சபையில ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம்னு கேட்பாங்க. சக்கரத்துக்கும் கேள்விக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனா 10 பார்த்தவங்களோட நடுத்தர மதிப்பீடு 25, 65 பார்த்தவங்களோடது 45. முதல்ல காதுல விழுந்த எண் நங்கூரம் மாதிரி மனசைப் பிடிச்சுக்குது.

நகைக்கடையில இதை அப்படியே பார்த்தேன். "18 சதவீதம் சார், உங்களுக்காக 14." நாலு குறைஞ்ச சந்தோஷத்துல 14 அதிகமாங்கற கேள்வியே எழாது. முதல் கடையில எங்களுக்கும் எழலை. ரெண்டாவது கடை ஏறினப்போதான் எழுந்தது.

விளம்பரங்களும் இதே வேலையைத்தான் பண்ணுது. "கிராமுக்கு 100 ரூபாய் தள்ளுபடி"ங்கறது நம்ம கணக்குல ஒரு சதவீதம். சேதாரத்தை ரெண்டு சதவீதம் ஏத்திட்டு இதைக் கொடுத்தா அவங்களுக்குத்தான் லாபம். அதனால நான் இப்போ ஒரே ஒரு எண்தான் பார்க்கறேன். கடைசி பில் தொகையை, எடை பெருக்கல் அன்றைய விலையால வகுக்கறது. 14 சதவீதக் கடையில அது 1.174. 9 சதவீதக் கடையில 1.123. எந்தப் பேர்ல எதைக் கூட்டினாலும் கழிச்சாலும் இந்த எண் காட்டிக் கொடுத்துடும். கல் வச்ச நகையா இருந்தா கல் எடையைக் கழிச்சுட்டு, கல்லுக்கான விலையையும் தனியா வச்சுட்டு வகுக்கணும்.

எல்லாருக்கும் ஒரே விலை இல்லை

இதுவரைக்கும் படிச்சா, விவரம் தெரிஞ்சா போதும், எல்லாரும் குறைச்சு வாங்கலாம்னு தோணும். அப்படி இல்லை. அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் இயன் ஏர்ஸ் 1991-ல ஒரு ஆய்வு வெளியிட்டார். சிகாகோ பக்கத்துல புதுக் கார் விக்கற கடைகளுக்கு வெள்ளையர், கறுப்பர், ஆண், பெண்னு பலரை அனுப்பினாங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி பேசப் பயிற்சி. கேட்ட கார் ஒண்ணு, பேசின பேச்சும் ஒண்ணு. ஆனா வெள்ளை ஆண்களுக்குக் கிடைச்ச விலையைவிட மத்தவங்களுக்கு அதிக விலைதான் கிடைச்சது. வாய்ச் சாமர்த்தியம் சமமா இருந்தும் விலை சமமாகலை. எதிர்ல நிக்கறவர் எவ்வளவு கொடுப்பார், வேற கடைக்குப் போவாரா மாட்டாரான்னு கடைக்காரர் போடற கணக்குதான் விலையா வெளியில வருது.

இதைப் படிச்சப்போ எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

1998-ல அக்கா கல்யாணம். நான் அப்போ பி.இ. முதல் வருஷம். எங்க ஊர் நகைக்கடையில அப்பா 20 பவுன் எடுத்தார், சேதாரம் 18 சதவீதம். ரெண்டு வாரம் கழிச்சு பக்கத்து வீட்டு மாமா அதே கடையில அவங்க பொண்ணுக்கு எடுத்தார், 12 சதவீதம். அம்மாவுக்கு இது ஆறவே இல்லை. "வாயத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா கொடுத்திருப்பான்"னு இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல சொல்லிட்டு இருந்தாங்க. அப்பா ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. எனக்கும் அவர் கூச்சம்தான் வந்திருக்குன்னு நானும் நம்பினேன்.

இப்போ பொண்ணு கல்யாணத்துக்கு அக்காவோட பழைய நகையில கொஞ்சம் மாத்தலாம்னு முடிவாச்சு. பழைய பில் இருந்தா நல்லதுன்னு கடையில சொன்னாங்க. ஊருக்குப் போய் டிரங்குப் பெட்டியைக் குடைஞ்சேன். பில் கிடைச்சது. கிராம் 370 ரூபாய், 160 கிராம், தங்கம் 59,200, சேதாரம் 18 சதவீதத்துக்கு 10,656. அதுக்குக் கீழ பேனாவால ஒரு வரி: பாக்கி 20,000, ஆறு மாசம்.

அந்த பாக்கி விஷயம் எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

12 சதவீதம் போட்டிருந்தா சேதாரம் 7,104. அதிகமாக் கொடுத்தது 3,552 ரூபாய், அப்பாவோட அப்போதைய சம்பளத்துல ஏறக்குறைய பாதி. 20,000 ரூபாய்க்கு ஆறு மாசத்துக்கு 3,552. மாசத்துக்கு வகுத்தா நூத்துக்கு 2 ரூபாய் 96 காசு. எங்க ஊர்ல வெளியில கடன் வாங்கியிருந்தா அன்னைக்கு மூணு வட்டி. கடைக்காரர் தள்ளுபடி கொடுக்காம இருக்கலை. வட்டியை சேதாரத்துல எழுதியிருக்கார்.

அப்பாகிட்ட கேட்டேன். கொஞ்ச நேரம் பில்லையே பார்த்துட்டு இருந்தார். "கேட்டிருக்கலாம்டா. கேட்டா, பாக்கிய எப்போ தருவீங்கன்னு அவன் கேப்பான். பொண்ணு வீட்டுக்காரங்க நாலு பேர் கூட இருக்கும்போது கேட்டா என்ன பண்றது?"ன்னார்.

பக்கத்து வீட்டு மாமா ரொக்கம் கொண்டு போனார். பிடிக்கலைன்னா அடுத்த கடைக்குப் போயிருப்பார். அப்பாவால போக முடியாது. ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த ஆறு சதவீதத்துக்கும் கூச்சத்துக்கும் சம்பந்தமே இல்லை. நான் இத்தனை வருஷம் அதை சாமர்த்தியக் குறைவுன்னு நினைச்சுட்டு இருந்திருக்கேன்.

நம்ம கையில என்ன இருக்கு

தள்ளுபடிங்கறது பேச்சுக்குக் கிடைக்கற பரிசு இல்லை, நம்ம கையில இருக்கற ஏதோ ஒண்ணுக்குக் கிடைக்கற விலை. எனக்குத் தெரிஞ்சு அந்தப் பட்டியல் இதுதான்.

ஒண்ணு, உடனே கொடுக்கற பணம். யு.பி.ஐ.யில நேரா பேங்க் கணக்குலேர்ந்து கொடுத்தா 2020 ஜனவரியிலேர்ந்து கடைக்காரருக்குக் கட்டணம் கிடையாது. கிரெடிட் கார்டுன்னா அவர் கையிலேர்ந்து ஒரு பங்கு போகும். அந்தப் பங்கைக் கேட்கறது நியாயமான கேள்வி.

ரெண்டு, வேற கடை. அடுத்த கடையில எழுதி வாங்கின எஸ்டிமேட் சீட்டு. பொய்யா ஒரு எண்ணைச் சொல்ல வேண்டியதில்லை, சீட்டைக் காட்டினா போதும்.

மூணு, நேரம். முகூர்த்தத்துக்கு நாலு நாள் இருக்கும்போது போனா அந்த அவசரம் முகத்துல தெரியும்.

நாலு, மொத்தமா வாங்கறது. தாலிக்கொடி, வளையல், சங்கிலி மூணையும் ஒரே பில்லுல போடறதா இருந்தா, அதை முதல்லயே சொல்லிட்டுப் பேசணும்.

இதெல்லாம் இருந்துட்டா கேள்வி ரொம்பச் சின்னது. மூணாவது கடைக்குத் திரும்பிப் போய் மேனேஜர்கிட்ட, "மூணு உருப்படியும் இங்கயே எடுக்கறோம், பணம் இப்பவே யு.பி.ஐ.யில. சேதாரம் எவ்வளவு வரைக்கும் முடியும்?"னு கேட்டேன். குரல் கொஞ்சம் நடுங்கினது உண்மை. அவர் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துட்டு சங்கிலிக்கு 7.5 போட்டார். நம்ம கணக்குப்படி 1,77,160. முதல் கடையோட ஒப்பிட்டா 10,712 ரூபாய் மிச்சம். "அவ்வளவுதானாடா?"ன்னு அக்கா கேட்டா. அவ்வளவுதான்.

"பில் வேணாம்னா ஜி.எஸ்.டி இல்லாம போட்டுத் தர்றேன்"னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. அது வரி ஏய்ப்பு. அதோட அந்த 3 சதவீதத்துக்காக நம்ம கையில இருக்கற ஒரே ஆதாரத்தையும் விட்டுடறோம். 2023 ஏப்ரல் 1-லேர்ந்து ஹால்மார்க் நகைன்னா எச்.யு.ஐ.டி.ங்கற ஆறு இலக்கக் குறியீடு இருக்கணும். அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில போட்டுப் பார்த்துட்டு, பில்லோட வாங்கிட்டு வாங்க.

பாக்கெட் சாமானுக்கு எம்.ஆர்.பி. போட்டிருந்தா அது எல்லா வரியும் சேர்த்த உச்சபட்ச விலை. அதுக்கு மேல விக்கறதுதான் குற்றம், கீழ விக்கறதுக்குத் தடை இல்லை. ஃபேன், மிக்ஸி, மாசாமாசம் வாங்கற மருந்து, இதுலல்லாம் கேட்டுப் பார்க்கலாம். எம்.ஆர்.பி.க்கு மேல "ஜி.எஸ்.டி தனி"ன்னா அது தப்புன்னு சொல்லலாம்.

நான் கேட்காத இடம்

பட்டியலை எழுதி முடிச்சதும் அதைத் திருப்பியும் படிச்சுப் பார்த்தேன். உடனடிப் பணம், வேற வழி, நேரம். சாயங்காலம் ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்ட் வாசல்ல பூக்கூடையோட உட்கார்ந்திருக்கற அம்மாகிட்ட இதுல ஒண்ணும் கிடையாது. நாளைக்குப் பூ வாடிடும். அவங்க வேற வாடிக்கையைத் தேடிப் போக முடியாது. காலையில சரக்கு எடுத்த காசே கடனா இருக்கலாம். சென்னைப் பழ வியாபாரிகள் காலையில கடனுக்குச் சரக்கு எடுத்து ராத்திரி திருப்பிக் கட்டறதுக்கு, ஒரு நாளைக்கு 4.69 சதவீதம் கொடுத்ததா அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் 2011-ல வந்த 'புவர் எகனாமிக்ஸ்' புத்தகத்துல எழுதியிருக்காங்க. மாசத்துக்கு இல்லை, ஒரு நாளைக்கு.

அந்த அம்மாகிட்ட முழம் பத்து ரூபாய் குறைக்கச் சொன்னா குறைச்சுடுவாங்க. நகைக்கடையில அப்பா கேட்காம விட்ட அதே காரணத்துக்காக அவங்களால மாட்டேன்னு சொல்ல முடியாது. எங்க சங்கிலிக்கு மிச்சமான 10,712 ரூபாயை அந்த மாதிரி பத்துப் பத்தா சேர்க்கணும்னா, தினமும் கேட்டாலும் மூணு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவா ஆகும்.

பில்லை அம்மாகிட்டயும் காட்டினோம். காட்டணும்னு சொன்னது அப்பாதான். அம்மா கண்ணாடி போட்டுட்டு ரெண்டு தடவை படிச்சாங்க. "அப்பவே சொல்லியிருந்தா என் வளையலைக் கழட்டிக் கொடுத்திருப்பேனே, அந்த வட்டி மிச்சமாயிருக்குமே"ன்னாங்க. கணக்குப்படி அது சரிதான். அப்பா இந்தத் தடவையும் ஒண்ணும் சொல்லலை. பில்லை மடிச்சு மறுபடி பெட்டியில வச்சுட்டார். பழைய நகையை மாத்தும்போது கேட்பாங்கன்னு நான் ஒரு போட்டோ எடுத்து வச்சிருக்கேன்.